வரிசை தப்பிய வீரர்கள்: இத்தாலியின் உள்ளூர்த் தொலைக்காட்சிகளும் ஜப்பானிய ரோபோ நினைவேக்கமும்

இத்தாலியில் 1970களில் பிறந்தவர்களிடையே நெடுங்காலம் உலவிய ஒரு நம்பிக்கை உண்டு. ‘எஃகு ரோபோ ஜீக்’ என்ற ஜப்பானியச் சித்திரத் தொடரின் இத்தாலிய முகப்புப் பாட்டைப் பாடியவர் பியரோ பெலூ என்பார்கள். பெலூ, ஃபுளோரன்ஸ் நகரில் 1980இல் தோன்றிய லிட்ஃபீபா ராக் குழுவின் பாடகர். அடித்தொண்டையிலிருந்து எழும் கம்மிய குரல் அவருடையது. ஜீக் பாட்டின் குரலும் அதே சாயலில்தான் இருக்கும். ஆனால் தொடர் இத்தாலிக்கு வந்தது 1979இல். பெலூ அப்போது பதினேழு வயதுப் பையன், லிட்ஃபீபா இன்னும் பிறக்கவே இல்லை. பாடியவர் ரொபெர்த்தோ ஃபோகு. இது தெரியவந்து பல ஆண்டுகள் ஆகியும் பெலூ கதை முற்றிலும் மறையவில்லை.

இதை வெறும் தகவல் பிழை என்று ஒதுக்கிவிடலாம். நினைவேக்கத்தை ஆராய்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். பாட்டைக் கேட்ட வயதில் பிள்ளைகளுக்குப் பாடகர் யாரென்ற கேள்வியே எழவில்லை. வளர்ந்த பின் அந்த நினைவைப் பிறரோடு பகிர ஒரு பெயர் தேவைப்பட்டது; கைக்கெட்டிய பெரிய பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். நினைவு தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது. ஓட்டை எங்கே விழுந்தது, ஏன் அங்கே விழுந்தது என்று கேட்டால் பதில் தொடரின் கதையில் கிடைக்காது. அதை ஒளிபரப்பிய முறையில்தான் தேட வேண்டும். இக்கட்டுரையின் வாதமும் அதுவே. முதல் தலைமுறை ஜப்பானிய ரோபோத் தொடர்களைப் பற்றிய ஏக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்ட வடிவம் எடுத்திருக்கிறது. அந்த வடிவத்தைத் தீர்மானித்தது ரோபோவும் அல்ல, ஜப்பானும் அல்ல. தொடர் எந்த வழியாக, எந்த வரிசையில், எங்கே அறுபட்டு வீட்டுக்குள் வந்ததோ, அதுவே நினைவின் அச்சாகியிருக்கிறது.

தீர்ப்பும் நாடாவும்

1970களின் நடுப்பகுதிவரை இத்தாலியில் ஒளிபரப்பு என்றால் அரசு நிறுவனமான ராய் மட்டும்தான். மாலையில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய சிறிது நேரம், இரவு உணவு நேரத்தில் விளம்பரத்தையே குறுநாடகமாக்கிய ‘கரோசெல்லோ’, பிறகு பிள்ளைகள் படுக்கைக்குப் போக வேண்டும் என்று ஒரு தலைமுறையே அந்தக் கடிகாரத்தில் வளர்ந்தது. 1977 சனவரியில் கரோசெல்லோ நின்றது. அடுத்த மாதம் முறையான வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் முன்பே அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. 1976 சூலை 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தன் 202ஆம் எண் தீர்ப்பில், வான்வழி ஒளிபரப்பில் அரசின் தனியுரிமை நாடு தழுவிய அளவில் செல்லும், உள்ளூர் அளவில் செல்லாது என்றது. உள்ளூர் என்றால் எவ்வளவு தூரம்? அதை வரையறுக்க வேண்டிய சட்டம் 1990வரை வரவில்லை. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் மலை உச்சியில் ஒரு கோபுரம் நட்டவரெல்லாம் தொலைக்காட்சி முதலாளி ஆனார்கள். லொம்பார்தியாவில் அந்தென்னா 3, ரோமில் தெலெரோமா 56, பூலியாவில் தெலெநோர்பா, சார்தீனியாவில் விதெயோலீனா என்று நிலையங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

நம்மூரில் 1990களின் தொடக்கத்தில் தெருவுக்கொரு கேபிள்காரர் வீசிஆரில் படம் போட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இத்தாலியை விளக்கத் தேவையில்லை. நேரம் நிறைய இருக்கிறது, நிரப்பச் சரக்கு இல்லை, கையில் காசும் இல்லை. அந்தப் பள்ளத்துக்குள் ஜப்பானியத் தொடர்கள் தண்ணீர்போல் பாய்ந்தன. ஜப்பானில் ஓடி முடிந்தவை என்பதால் விலை மலிவு. நாற்பது, ஐம்பது, எழுபது அத்தியாயங்கள் என்பதால் தினம் ஒன்றாகப் போட்டாலும் இரண்டு மூன்று மாதம் தாங்கும்; தீர்ந்தால் முதலிலிருந்து மறுபடியும் போடலாம்.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப உரிமை இல்லாததால் விநியோகஸ்தர்கள் நாடாக்களை நிலையத்துக்கு நிலையம் அனுப்பினார்கள். ஓரூரில் நாடா ஓடும் வாரத்தில் அடுத்த ஊர் வேறு தொடரில் இருக்கும். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளை அங்கே தன் தொடர் முப்பது அத்தியாயம் பின்தங்கியிருப்பதைக் காணலாம். அல்லது தான் இன்னும் பார்க்காத சாவை அங்கே பார்த்துவிடலாம். இடையிடையே மரச்சாமான் கடை விளம்பரம். ஆக, ‘இத்தாலியத் தொலைக்காட்சியில் ஜீக்’ என்று ஒருமையில் பேசுவதே ஒருவகையில் பிழை. பல ஜீக்குகள் ஓடின.

உம்பெர்த்தோ எக்கோ 1980களின் தொடக்கத்தில் பழைய தொலைக்காட்சி, புதுத் தொலைக்காட்சி என்று ஒரு பிரிவினையை முன்வைத்தார். முன்னது வெளியுலகைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டது. பின்னது தன்னைப் பற்றியும் பார்வையாளரோடு தனக்கிருக்கும் தொடர்பைப் பற்றியுமே பேசத் தொடங்கியது. இந்தப் பிரிவினையில் ரோபோத் தொடர்களுக்கு நேரான இடமில்லை. அவை முதலில் வந்து இறங்கியது பழைய வீட்டின் கூடத்தில். குடியேறியதோ பக்கத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட கொட்டகைகளில்.

அல்கோர் யார்?

கோ நாகாய் படைத்த ‘மஸிங்கர் இசட்’ 1972 டிசம்பர் முதல் 1974 செப்டம்பர்வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 92 அத்தியாயங்கள் ஓடியது. மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் பேருரு ரோபோ என்ற வகையை நிலைநிறுத்திய தொடர் அது. கடைசி அத்தியாயத்தில் மஸிங்கர் இசட் நொறுக்கப்படும். வானிலிருந்து புதிய ரோபோ ஒன்று வந்து காப்பாற்றும். அடுத்த வாரமே அந்தப் புதிய ரோபோவின் தொடர், ‘கிரேட் மஸிங்கர்’, 56 அத்தியாயம். அது முடிந்து ஒரு வாரத்தில், 1975 அக்டோபரில், ‘யூஎஃப்ஓ ரோபோ கிரெண்டைசர்’, 74 அத்தியாயம். மூன்றையும் கட்டும் கயிறு கோஜி கபூத்தோ என்ற இளைஞன். முதல் தொடரில் அவனே நாயகன். இரண்டாவதில் கடைசிக் கட்டத்தில் திரும்பி வந்து, அப்பாவின் அன்பு யாருக்கு என்ற பூசலுக்குக் காரணமாகிறான். மூன்றாவதில் தானே கட்டிய சிறு பறக்கும் தட்டில் சுற்றி, அடிக்கடி சுட்டு வீழ்த்தப்பட்டு, பெரிய வீரனால் மீட்கப்படும் துணைப் பாத்திரமாகிறான்.

இத்தாலி இந்தக் கயிற்றை மறுமுனையிலிருந்து பிடித்தது. 1978 ஏப்ரல் 4 அன்று ராயின் இரண்டாம் அலைவரிசையில் முதலில் வந்தது கிரெண்டைசர்தான். அதுவும் பிரான்ஸ் வழியாக. பிரெஞ்சுக்காரர்கள் ‘கோல்டொராக்’ என்று வைத்த பெயர் இத்தாலியில் ‘கோல்ட்ரேக்’ ஆனது. தொடரின் தலைப்பு ‘அட்லஸ் யூஎஃப்ஓ ரோபோ’. பிரான்சிலிருந்து வந்த விற்பனைக் கையேட்டின் மேலிருந்த ‘அட்லஸ்’ என்ற சொல்லைத் தலைப்பின் பகுதி என்று எண்ணிச் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, தொடருக்குள் அட்லஸ் என்று எவரும் இல்லை. பாத்திரங்களுக்கு விண்மீன் வாடை வீசும் பெயர்கள்: நாயகன் டியூக் ஃபிளீட் அக்தாருஸ் ஆனான், கோஜி கபூத்தோ அல்கோர் ஆனான். 1979இல் கிரேட் மஸிங்கர் உள்ளூர் நிலையங்களில் வந்தது. மூவரில் மூத்த மஸிங்கர் இசட் கடைசியாக, 1980இல், ராயின் முதல் அலைவரிசைக்கு வந்தது. அதில் கோஜிக்கு ரியோ என்று பெயர். ஒரே ஆள், அலைவரிசைக்கொரு பெயர்.

இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிரெண்டைசர் பார்த்த ஜப்பானியப் பிள்ளைக்குக் கோஜி பதவியிறங்கிய வீரன். அவன் தட்டு தீப்பற்றி விழும்போதெல்லாம், இவன்தானே 92 வாரம் உலகைக் காத்தவன் என்ற கசப்பு அடியில் ஓடும். இத்தாலியப் பிள்ளைக்கோ அல்கோர் பிறவித் துணைவன்; வாய் பெரிது, வேலை சிறிது, சிரிப்புக்கு உரியவன். இரண்டு ஆண்டு கழித்து ரியோ என்ற பெயரில் அவன் நாயகனாக வந்தபோது, தன் பழைய அல்கோரின் இளமைதான் இது என்று அறிய அதற்கு வழியே இல்லை. மஸிங்கர் இசட்டின் 92 அத்தியாயங்களில் 51தான் அன்று இத்தாலியில் ஒளிபரப்பானது. மூன்று தொடர்களையும் தைக்கும் அந்தக் கடைசி அத்தியாயம் அந்தத் தலைமுறையின் பால்யத்தில் வரவே இல்லை.

இப்போது ‘மஸிங்கர் நினைவேக்கம்’ என்று பொதுவாகப் பேசும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம்? டோக்கியோவில் ஐம்பதைத் தாண்டியவரும் நேப்பிள்ஸில் ஐம்பதைத் தாண்டியவரும் ஒரே பொம்மையைக் கையில் எடுத்துக் கண் கலங்கலாம். அந்தக் கலக்கம் வேறு வேறு கதைகளுக்கானது. மார்க்கோ பெல்லித்தேரி 1999இல் வெளியிட்ட ‘மஸிங்கா நொஸ்தால்ஜியா’ இத்துறையின் முன்னோடி நூல். ‘கோல்ட்ரேக் தலைமுறை’ என்று ஒரு சமூக வகையையே அது நிறுவியது. அந்த உழைப்பின்றி இக்கட்டுரை இல்லை. ஆனால் தலைமுறை என்ற சொல் ஒரு பொது அனுபவத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. உள்ளூர் நிலையங்கள் உடைத்தது அந்தப் பொதுமையைத்தான். எல்லாரும் கோல்ட்ரேக் பார்த்தார்கள், சரி. ஒரே கோல்ட்ரேக்கைப் பார்த்தார்களா?

எதிர்த்தவர்கள் எதைக் கண்டார்கள்

1979 சனவரியில் இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினரும் ராயைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவில் இருந்தவருமான சில்வேரியோ கொர்விசியேரி, ‘லா ரெபூப்ளிக்கா’ நாளிதழில் கோல்ட்ரேக்குக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். அழிவு வெறி, போர்வீர வழிபாடு, மின்னணு இயந்திரத்தைத் தெய்வமாக்கல் என்பவை அவர் சுமத்திய குற்றங்கள். 1980இல் இமோலா நகரைச் சேர்ந்த அறுநூறு பெற்றோர் மஸிங்கருக்கு எதிராகக் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். இத்தொடர்களைக் கணினி வரைகிறது, மனிதக் கை படுவதே இல்லை என்ற வதந்தியும் பத்திரிகைகளில் ஓடியது.

உண்மை நேர்மாறானது. ஒவ்வொரு சட்டகமும் செலுலாய்டுத் தாளில் கையால் தீட்டியது. ஆனால் வாரம் ஓர் அத்தியாயம் முடிக்க வேண்டிய அவசரத்தில் வரைந்ததையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். தெசுகா ஒசாமு 1963இல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரில் நிலைநிறுத்திய சிக்கன முறை அது. சேமித்து வைத்து எடுத்துப் போடுவதால் ‘பேங்க்’ என்றே தொழிலில் பெயர். அக்தாருஸ் பெயர் சொல்லிக் கூவிக் கவசம் அணிவான்; ரோபோவுக்குள் குதிப்பான்; இருக்கை சுழலும்; மலைக்கடியிலிருந்து ஊர்தி வெளியே பாயும். ஒரே படச்சுருள்தான், வாரம் தவறாமல். பெரியவர்கள் இதில் இயந்திரத்தைக் கண்டார்கள். பிள்ளைகள் சடங்கைக் கண்டார்கள். எதிர்த்தவர்கள் கவனிக்கத் தவறியது இந்த வேறுபாட்டைத்தான் என்பேன்.

தவறாமல் கவனித்தவர் ஒருவர் உண்டு. குழந்தை இலக்கியத்தின் பெரிய ஆளுமையான ஜான்னி ரொதாரி, தன் வாழ்வின் கடைசிக் கட்டத்தில், கம்யூனிஸ்டு வார இதழான ‘ரினாஷித்தா’வுக்கு கோல்ட்ரேக்கின் பக்கம் நின்று எழுதினார். பழிப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு இதில் என்ன பிடிக்கிறது என்று கேளுங்கள். கோல்ட்ரேக் இக்கால ஹெர்குலிஸ் அல்லவா என்பது அவருடைய வாதத்தின் போக்கு. அவர் 1980இல் மறைந்தார். வாதம் அன்று எடுபடவில்லை.

ரொதாரியின் கருத்தை இன்னும் ஓரடி கொண்டுபோகலாம். திரும்பத் திரும்ப வரும் அந்தப் படச்சுருள்தான் உள்ளூர் ஒளிபரப்பின் குழப்பத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்ள உதவியது. முன்கதை தெரியாது, நேற்றைய அத்தியாயம் தவறிவிட்டது, பெயர்கள் குழம்புகின்றன. ஆனால் புறப்பாட்டுக் காட்சி வந்தால் எல்லாம் நிலைக்கு வந்துவிடும். ஜீக்கில் இது இன்னும் தெளிவு. ஹிரோஷி ஷிபா மோட்டார் சைக்கிளில் பாய்ந்து முஷ்டிகளை மோதி ரோபோவின் தலையாக மாறுகிறான். மிவா என்ற பெண் தன் விமானத்திலிருந்து கை, கால், உடல் ஆகிய உறுப்புகளை எறிகிறாள். காந்தம் ஈர்த்ததுபோல் அவை ஒட்டிக்கொள்கின்றன. இதன் பொம்மைகளை டகாரா நிறுவனம் காந்த மூட்டுகளோடு விற்றது. கதையே அந்த மூட்டுக்காக வளைக்கப்பட்டதுபோல் இருக்கும். நாற்பது ஆண்டு கழித்தும் இத்தாலியர்கள் ஒரு வேலையில் கைமாற்று வேண்டும்போது, மிவா உறுப்புகளை எறி என்று கிண்டலாகக் கேட்பதுண்டு. கோல்ட்ரேக்கின் ஆயுதப் பெயர்களும் அப்படியே பேச்சில் தங்கிவிட்டன. கதை கரைந்துபோக, சடங்கின் சொற்கள் எஞ்சியிருக்கின்றன. திருவிழாவின் தலபுராணம் மறந்தவருக்கும் தேர் நிலைக்கு வரும் நேரத்துக் கூச்சல் காதில் இருப்பதைப்போல.

வாசனை போகவில்லை

ஜப்பானியத் தொடர்கள் உலகெங்கும் பரவியதற்கு ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் விளக்கம் இவாபுச்சி கோய்ச்சி 2002இல் விரித்தெழுதியது: நாட்டு வாசனை நீக்கப்பட்ட, எந்நாட்டையும் சாராத பண்டங்கள் என்பதால் அவை எளிதில் எல்லை தாண்டின. கோல்ட்ரேக்குக்கு இது ஓரளவு பொருந்தும். அழிந்த கோளின் இளவரசன் பூமியில் ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ப்பு மகனாக ஒளிந்து வாழ்கிறான், கிதார் வாசிக்கிறான். பண்ணைக்காரக் கிழவர் அமெரிக்கக் கௌபாய்போல் தொப்பி அணிந்து திரிகிறார். அவன் கையில் கதிர்வீச்சு ஏறிய ஒரு காயம், ஆறாமல், அவ்வப்போது வலிக்கிறது. அந்தக் காயத்தின் ஊர் எதுவென்று ஜப்பானில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியப் பிள்ளைக்கு அது விண்வெளி வேதனை.

ஜீக்குக்கு இவாபுச்சியின் விளக்கம் அடியோடு பொருந்தாது. அதன் பகைவர்கள் வேற்றுக்கோள்காரர்கள் அல்லர். ஜப்பானின் மண்ணுக்கடியிலிருந்து எழுந்த யமத்தாய் அரசும் அதன் அரசி ஹிமிகாவும். மூன்றாம் நூற்றாண்டு ஜப்பானைப் பற்றிய சீனக் குறிப்பில் வரும் அரசி ஹிமிகோவின் சாயல் அது. அவள் ஏவும் அரக்கர்களுக்கு ஹனிவா என்று பெயர். ஹனிவா என்பவை பழங்காலக் கல்லறை மேடுகளைச் சுற்றி நட்ட சுடுமண் உருவங்கள். ஜப்பானியப் பள்ளிப் பாடநூலில் படத்தோடு இருப்பவை. நாயகனின் நெஞ்சுக்குள் மறைந்திருப்பது ஒரு பழைய வெண்கல மணி. ஜப்பானியப் பிள்ளைக்கு இது அருங்காட்சியகம் உயிர்பெற்று எழுந்து அடிக்க வந்த கதை.

இத்தாலியில் ஹனிவா என்ற சொல் மாறாமல் ஒலித்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தச் சொல்லை அரக்கன் என்ற பொருளிலேயே கற்றார்கள். வாசனை நீங்கவில்லை, மூக்குக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். நினைவேக்கத்துக்கு இது முக்கியமானது. பொருள் தெரியாத சொல் பொருள் தெரிந்த சொல்லைவிட நெடுநாள் மனத்தில் கிடக்கும். வளர்ந்தபின் அந்தச் சொல்லின் ஊரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. போகாமல், அந்தப் புரியாமையையே பால்யத்தின் இனிப்பாகச் சுவைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஸ்வெத்லானா போய்ம் 2001இல், இழந்ததை மீட்டுக் கட்ட முனையும் ஏக்கம், இழப்போடேயே உட்கார்ந்து அசைபோடும் ஏக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவு மனநிலை சார்ந்ததாகவே பெரும்பாலும் கையாளப்படுகிறது. ஒளிபரப்பில் எது உடைந்தது என்பதும் அதைத் தீர்மானிக்கும் என்று காட்ட, இத்தாலிக்கு வெளியே இரண்டு இடங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

பிலிப்பைன்சில் ‘வோல்ட்டஸ் ஃபைவ்’ 1978இல் ஜிஎம்ஏ அலைவரிசையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஓடியது. கொம்புள்ள பிரபுக்கள் கொம்பில்லாதவர்களை அடிமைகளாக நடத்தும் ஒரு பேரரசு, அதற்கெதிரான கிளர்ச்சி என்று போகும் கதை. 1979 ஆகஸ்டில், இறுதி அத்தியாயங்கள் சில எஞ்சியிருக்கையில், மார்க்கோஸ் அரசு எல்லா ரோபோத் தொடர்களையும் தடை செய்தது. வன்முறை என்பது சொன்ன காரணம்; கிளர்ச்சி என்பது மக்கள் நம்பிய காரணம். இங்கே ஓட்டை ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் ஒரே இடத்தில். ஆகவே ஏக்கமும் முழுமையை நோக்கியே ஓடியது. 2023இல் அதே ஜிஎம்ஏ, உயிர் நடிகர்களோடு எடுத்த ‘வோல்ட்டஸ் ஃபைவ்: லெகசி’யில் ஐந்து ஊர்திகள் இணையும் காட்சியை மூலத்துக்கு எத்தனை நெருக்கமாக அமைக்க முடியுமோ அத்தனை நெருக்கமாக அமைத்தது. ஒன்றிணைவதைக் குறிக்க அந்த இணைப்புக் கூவலே அங்கே பேச்சு வழக்காகிவிட்டது. தேர்தல் கூட்டணிக்கும் அதே சொல்தான்.

அரபு உலகில் கதை வேறு. கிரெண்டைசர் உள்நாட்டுப் போர்க்கால லெபனானில் செவ்வியல் அரபியில் டப்பிங் செய்யப்பட்டு, பல நாடுகளின் அரசுத் தொலைக்காட்சிகளுக்குப் போனது. சாமி கிளார்க்கின் பாட்டு, ஜிஹாத் அல்அத்ரஷின் குரல், மாற்றாமல் விட்ட ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் பல நாடுகளுக்கும் பொது. வீட்டில் பேசும் அரபி ஊருக்கு ஊர் வேறு; ரோபோ பேசும் அரபி எல்லாருக்கும் ஒன்று. இந்த ஏக்கம் நினைவுச்சின்னமாக நிற்கிறது: ரியாத்தில் 2022இல் எழுப்பிய 33.7 மீட்டர் உயர உலோகச் சிலை. 2024இல் வந்த ‘கிரெண்டைசர் யூ’ புதுத் தொடருக்குப் பின்னால் நின்றதும் சவூதியின் மாங்கா புரொடக்‌ஷன்ஸ் நிறுவனமே. அது 2025 தொடக்கத்தில் ராய் 2இல் வந்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் பாரிஸ் வழியாக வந்தவன் இப்போது ரியாத் வழியாக வந்து சேர்ந்தான்.

இத்தாலியில் சிலை எழவில்லை. எழுந்திருந்தால் எந்த ஊரில் எழும்? எல்லா ஊருக்கும் தனித்தனிக் கோல்ட்ரேக் அல்லவா. பணமும் அரசும் வேறாக இருந்ததால்தான் அங்கே சிலை, இங்கே இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. எண்ணெய்ப் பணத்தை ஒளிபரப்பு முறையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பணம் சிலை கட்டும். எதற்குச் சிலை என்பதைப் பணம் சொல்லாது. ரியாத்துக்கு அந்த முகத்தை எடுத்துக் கொடுத்தது லெபனானின் ஒற்றை டப்பிங்.

டோர் பெல்லா மொனாக்காவில் ஒரு கம்பளி முகமூடி

இத்தாலிய ஏக்கத்தின் உருவத்தைக் காண வேண்டுமானால் காப்ரியேலே மைனெத்தியின் ‘லோ கியாமாவானோ ஜீக் ரோபோட்’ படத்துக்கு வர வேண்டும். ‘அவனை ஜீக் ரோபோ என்றழைத்தார்கள்’ என்பது பொருள். 2015இல் ரோம் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு ஏழு தாவீத் தி தொனாத்தெல்லோ விருதுகளைப் பெற்றது. ரோமின் புறநகரான டோர் பெல்லா மொனாக்காவின் அடுக்குமாடிகளில் வாழும் சில்லறைத் திருடன் என்சோ. தைபர் ஆற்றில் கதிரியக்கக் கழிவுப் பீப்பாயில் விழுந்து பேராற்றல் பெறுகிறான். அந்த ஆற்றலால் அவன் செய்யும் முதல் பெரிய காரியம் ஒரு ஏடிஎம் பெட்டியைச் சுவரோடு பெயர்த்தெடுப்பது.

படத்தைப் பலர் நினைவேக்கப் படம் என்று எழுதியிருக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் நாயகனுக்கு நினைவேக்கமே இல்லை. ஜீக் யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் அலெஸ்ஸியா: தாயை இழந்தவள், சொந்த வீட்டிலேயே சிதைக்கப்பட்டவள், தாங்க முடியாத உண்மையிலிருந்து ஜீக்கின் உலகத்துக்குள் குடிபெயர்ந்துவிட்டவள். கையடக்க டிவிடி கருவியில் அத்தியாயங்களை ஓயாமல் பார்க்கிறாள். என்சோவை ஹிரோஷி என்றே நம்புகிறாள். வயதைப் பார்த்தால் 1979இன் முதல் ஒளிபரப்பை அவள் கண்டிருக்க முடியாது. அவள் ஏங்குவது தான் வாழாத ஒரு பால்யத்துக்கு; அதுவும் வட்டில் ஒழுங்காக எண்ணிட்டு அடுக்கிய, உள்ளூர் நிலையம் ஒருபோதும் தராத வரிசையில். ஏக்கம் இங்கே நோயாகவும் அடைக்கலமாகவும் இருக்கிறது, இரண்டையும் படம் பிரித்துக் காட்டுவதில்லை. அவள் சொல்லைத் தட்டாமல் என்சோ உட்கார்ந்து அந்த வட்டுகளைப் பார்க்கத் தொடங்குவது காதலுக்காக, பழமைக்காக அல்ல.

அவள் அவனுக்காக ஒரு முகமூடி பின்னுகிறாள். ஜீக்கின் முகம்தான், கம்பளி நூலில். கண்ணுக்கு ஓட்டை விட்டு, கொஞ்சம் கோணலாக. வில்லனாக வருபவனோ சிறு வயதில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் தலைகாட்டியவன், இன்னொரு முறை திரையில் தெரிந்தால் போதும் என்று வெறிகொண்டவன். இருவருமே தொலைக்காட்சியின் பிள்ளைகள். ஒருத்தி அதிலிருந்து எடுத்துக் கையால் பின்னுகிறாள். மற்றவன் அதற்குள் திரும்ப நுழையப் பார்க்கிறான். ரியாத் சிலையின் 33.7 மீட்டர் உலோகத்துக்கு எதிரே இந்த முகமூடியை வைத்துப் பாருங்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி விட்டுச்சென்ற நினைவுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை: மலிவான சரக்கு, வீட்டுக்குள் செய்தது, ஒருவருக்கு மட்டும் அளவானது.

இறுதியில் அலெஸ்ஸியா இல்லை. என்சோ கொலோசியத்தின் மேல் நின்று அந்தக் கம்பளியை முகத்தில் இழுத்துவிடுகிறான். பிறகு பெயர்ப் பட்டியல் ஓட, ஜீக் பாட்டு வருகிறது. டோக்கியோவில் வாதனாபே மிச்சியாகி அமைத்த அதே மெட்டு, வேகம் தணிந்து, தாலாட்டைப்போல். குரல் ஃபோகுவுடையதும் அல்ல, பெலூவுடையதும் அல்ல. என்சோவாக நடித்த கிளாவுதியோ சந்தமாரியா பாடுகிறார்.